பக்கம் போயிருக்கவில்லை, அண்ணே

என் பிரியத்துக்குரிய தங்கராசு அண்ணனுக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. நீங்கள் இருக்கும்போதே நேரில் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன். நாம் இருவரும் எத்தனையோ காலைகளில் ஒரே மேசையில் உட்கார்ந்து கோப்பி குடித்தவர்கள். சொல்வதற்கு இடம் இருந்தது, நேரமும் இருந்தது. நான் சொல்லவில்லை. பத்திரிகையில் எழுதுவதால் மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும், இது அவர்களுக்கும் போய்ச் சேர வேண்டியது.

முதலில் இங்கத்திய நிலவரம். நம் கட்சி தன் வரலாற்றைப் புத்தகமாகக் கொண்டுவரப் போகிறது. ‘நம் கட்சி’ என்று உங்கள் வாய்ப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். நான் ஒருநாளும் உறுப்பினர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தடித்த அட்டை, வண்ணப் படங்கள், மாநிலத்துக்கு ஓர் அத்தியாயம். பினாங்கு அத்தியாயத்தை எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து பிரேமா என்பவர் தொலைபேசியில் பேசினார். அவர்தான் தொகுப்பாசிரியர், பொறுமையான பெண்.

“என்னை எதுக்கும்மா? கட்சியில ஆள் இல்லையா?” என்று கேட்டேன்.

“இருக்காங்க ஐயா. ஆனா பினாங்குல நடந்த எல்லாக் கூட்டத்துக்கும் போன ஆளு நீங்க மட்டும்தான்னு சொல்றாங்க.”

எல்லாக் கூட்டத்துக்கும் போன ஆள்! நீங்கள் இருந்திருந்தால் கோப்பி புரையேறிச் சிரித்திருப்பீர்கள்.

அவர் பழைய செய்தி நறுக்குகளை அனுப்பிவைத்தார். அவற்றில் ஒன்று நான் நிருபராக இருந்தபோது எழுதியது. நான்கே பத்தி. சுங்கை பினாங் கிளையின் ஆண்டுக் கூட்டம் பற்றியது. இரண்டாவது பத்தியில் இப்படி இருக்கிறது: ‘தீர்மானத்தைக் கிளைத் தலைவர் முன்மொழிய, செயலாளர் திரு. தங்கராசு வழிமொழிந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.’ இந்த நறுக்கைப் பெரிதாக்கி ஒரு முழுப்பக்கத்தில் போடப்போவதாகப் பிரேமா சொன்னார். கட்சியின் கட்டுப்பாட்டுக்கு நல்ல உதாரணமாம்.

அது பொய் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தீர்மானத்தை நீங்கள் வழிமொழியவில்லை, எதிர்த்தீர்கள். அந்த அறையில் எதிர்த்த ஒரே ஆள் நீங்கள். நான் எழுதிய பொய் இப்போது தடித்த அட்டைக்குள் போய் உட்காரப் பார்க்கிறது. அதைத் தடுக்க வேண்டுமானால் அது எப்படிப் பொய்யானது என்று நான் சொல்லியாக வேண்டும்.

உங்களைத் தெரியாதவர்களுக்காக ஒன்றிரண்டு வரி. தங்கராசு அண்ணன் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர். சுங்கை பினாங்கில் கோப்பிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கட்சிக் கிளைக்கு ஆண்டாண்டு காலம் செயலாளர். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த மாடிக் கதவைத் திறப்பார். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், குடியுரிமை கிடைக்காமல் இன்னும் சிவப்பு அடையாள அட்டையான ஐசியே வைத்திருப்பவர்கள், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முடியாதவர்கள் எல்லாரும் படிக்கட்டில் வரிசையாக நிற்பார்கள். அவர் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பார். மலாயில் எழுதுவார், தமிழில் விளக்குவார், பேனாவை மூடும்போது “நல்லது நடக்கும், போங்க” என்பார்.

ஆய்வாளர்கள் நம் கட்சியைப் பழமை பேணும் தேசியக் கட்சி என்று எழுதுவதை ஒருமுறை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். நினைவிருக்கிறதா?

“நம்மகிட்ட பேணுறதுக்கு என்னடா பழமை இருக்கு? பாட்டன் கப்பல்ல வரும்போது ஒரு டிரங்குப் பெட்டி கொண்டாந்தான். அதுவும் துருப்பிடிச்சுப் போச்சு. கையில ஒரு ஐசி இருக்கு. அதைப் பேணு, போதும்லா.”

அந்தக் கட்சியைப் பற்றி நான் படித்த விளக்கங்களிலேயே சரியானது இதுதான். சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கிய கட்சி அது. இந்த நாட்டில் நம்மை இருக்க விடுவார்களா என்ற பயம் எல்லா வீட்டிலும் இருந்த காலம். புதிதாக எதையும் பிடிப்பதைவிட, கையில் இருப்பது போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் அரசியல். குடியுரிமை போகக் கூடாது, கோயில் நிலம் போகக் கூடாது, தமிழ்ப் பள்ளி மூடக் கூடாது. அதற்கு அரசாங்கத்தோடு சண்டை போடக் கூடாது. உள்ளே உட்கார்ந்து மெதுவாகக் கேட்க வேண்டும். மெதுவாகக் கேட்பவன் பின்னால் நிற்பவர்கள் ஒரே குரலில் பேச வேண்டும். நமக்குள் பிளவு என்று வெளியில் தெரிந்தால் உள்ளே யாரும் மதிக்க மாட்டார்கள்.

இதை நான் கேலியாக எழுதவில்லை, அண்ணே. அந்த வழியில் எத்தனை பேருக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி கிடைத்தது என்பதை அந்தப் படிக்கட்டில் நின்று பார்த்தவன் நான்.

ஆனால் ஒரே குரல் என்ற அந்தப் பழக்கத்திலிருந்துதான் இன்னொரு பழக்கமும் வந்தது. அது நம் இருவருக்கும் மட்டும் தெரிந்தது.

கிளைகளின் ஆண்டுக் கூட்டங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் வரும். ஒரு ஞாயிறு காலையில் பினாங்குத் தீவில் மூன்று, கடலுக்கு அந்தப் பக்கப் பெருநிலத்தில் நான்கு. நான் ஒரே ஆள், ஒரே மோட்டார் சைக்கிள். வடபகுதிக்கான பக்கத்தைக் கோலாலம்பூரில் ஞாயிறு பிற்பகலே முடித்துவிடுவார்கள். எல்லாக் கூட்டத்துக்கும் போய் எழுதி அனுப்புவது நடக்காத காரியம். ஆகவே செயலாளர்கள் சனிக்கிழமையே எனக்குக் கூட்டக் குறிப்பைக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த நாள் நடக்கப்போகும் கூட்டத்தின் குறிப்பு! யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எத்தனை மணிக்குத் தலைவர் நன்றி சொன்னார், எல்லாம் அதில் இருக்கும். சனி மாலை நான் செய்தி எழுதித் தொலைநகலில் அனுப்பிவிடுவேன். ஞாயிறன்று அதை எடுத்துப் பக்கத்தில் வைப்பவர்கள் எப்போது வந்தது என்று பார்ப்பதில்லை. ஞாயிறன்று ஏதாவது ஒரு கூட்டத்தில் போய், அங்கே தரும் மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

இத்தனை ஆண்டுகளில் ஒரு பிழைகூட வந்ததில்லை. எப்படி வரும்? எழுதிவைத்தபடிதான் கூட்டம் நடக்கும். அதற்கு மாறாக எழுந்து பேச எவருக்கும் தோன்றாது. குறிப்புகளில் மிகத் திருத்தமானது உங்களுடையது. பெயருக்கு முன்னால் ‘திரு.’ விட மாட்டீர்கள்.

அந்த ஆண்டு ஆற்றோரக் கம்பத்துப் பிரச்சினை வந்தது. கம்பம் என்றால் பலகை வீடுகள். ஆற்றை ஒட்டி, உங்கள் வீட்டுக்குப் பின்னால். நிலத்துக்காரர் இடத்தைக் கேட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் அடுக்குமாடி வீடு தருகிறோம் என்றார்கள். மாநிலத் தலைமை ஒப்புக்கொண்டது. கிளை அதை ஆதரித்து ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நீங்கள் எழுதினீர்கள். வழிமொழிபவர் இடத்தில் எப்போதும்போல உங்கள் பெயரையே போட்டீர்கள். சனிக்கிழமை மதியம் என் மேசையில் கொண்டுவந்து வைத்தீர்கள்.

அன்று மாலை நீங்கள் கம்பத்துக்குப் போனீர்கள், தகவல் சொல்லத்தான். லெட்சுமி அக்கா உங்களை வாசலில் நிறுத்திவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். அவர் தொழிற்சாலைப் பெண், கம்பத்தின் குரல் அவர்தான். “தீர்மானம் போடுறீங்க சரி. எங்கள்ல யாரைக் கேட்டீங்க?” இதை நீங்கள்தான் பிற்பாடு எனக்குச் சொன்னீர்கள். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்ததாகவும் சொன்னீர்கள்.

ஞாயிறு காலை நடந்ததை நான் பார்க்கவில்லை. நான் பெருநிலத்துப் பட்டர்வொர்த்தில் இன்னொரு கிளைக் கூட்டத்தில் இருந்தேன். ஆனால் கூட்டத்திலிருந்த கோப்பிக்கடை மணியம் எத்தனையோ தடவை நடித்துக்காட்டிவிட்டார். தலைவர் மேசையைத் தட்டி, “எல்லாரும் ஏகமனதா ஏத்துக்கிறீங்கதானே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த தாளைப் புரட்டினாராம். நீங்கள் கையைத் தூக்கினீர்களாம்.

“என்ன தங்கராசு, காத்தாடியக் கூட்டணுமா?”

“இல்லீங்க தலைவரே. நான் எதிர்க்கிறேன்.”

“எதை?”

“தீர்மானத்தை.”

“நீ எழுதின தீர்மானம்லா அது!”

“ஆமாங்க. நான் எழுதினதைத்தான் எதிர்க்கிறேன்.”

எல்லாரும் சிரித்தார்களாம். நீங்கள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டதாம். நேற்று கம்பத்துக்குப் போனேன், ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொண்டதாக எழுத என் கை வராது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்களாம். மற்றவர்கள் கைதூக்கித் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். மீ கோரேங் வந்தது, சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை பத்திரிகையில், நான் சனிக்கிழமை எழுதியது வந்தது.

அன்று காலை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடையில் உங்களைப் பார்த்தேன். பத்திரிகையை நான்காக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தீர்கள்.

“என்னடா பேப்பர்காரத் தம்பி, என்னைய வழிமொழிய வச்சிட்ட.”

“அண்ணே...”

“தெரியும்லா. நேத்துப் போன்ல சொன்னியே, பக்கம் போயிருச்சுன்னு. ஒன்னைய என்ன சொல்றது? நடக்காத கூட்டத்துக்குக் குறிப்பு எழுதினவன் நான்.”

“திருத்தம் போடச் சொல்லட்டுமா அண்ணே?”

நீங்கள் இன்னொரு தே தாரேக் டீ கொண்டுவரச் சொன்னீர்கள். அது வந்ததும் ஒரு மடக்குக் குடித்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: “தலைவர் நேத்தே வீட்டுக்கு வந்துட்டாரு. தேர்தல் வருதாம். ஒரு கிளை ரெண்டா நிக்குதுன்னு பேப்பர்ல வந்தா மத்த கிளைக்கும் பரவுமாம். ஒனக்கும் கஷ்டம். கூட்டத்துக்கு முன்னாடியே எழுதிட்டேன்னு மேல தெரிஞ்சா வேலை இருக்குமா? ரெண்டு பிள்ளைய வச்சிருக்க. விடு.”

நான் விட்டேன். ஒரே ஒரு தடவைதான் கேட்டேன், அண்ணே. நீங்கள் ‘விடு’ என்றதும் என் நெஞ்சு லேசானதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

உங்களுக்கு லேசாகவில்லை. நிலத்துக்காரரின் ஆட்கள் அந்த நறுக்கை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனார்கள். ‘உங்கள் சொந்தக் கிளையே ஒப்புக்கொண்டது, உங்கள் பக்கத்து வீட்டுக்காரரே வழிமொழிந்தார், இன்னும் என்ன?’ என்று அங்கிருந்த ஜனங்களைக் கேட்டார்கள். வீடுகள் போயின. உங்கள் வீடு சாலையோரமாக, எல்லைக்கு வெளியே இருந்தது. அது தப்பியது. ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? லெட்சுமி அக்கா சாமான் ஏற்றிய லோரியில் ஏறுவதற்கு முன்னால் உங்கள் வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனார். நீங்கள் கதவைச் சாத்தாமல் நின்று கேட்டீர்கள் என்று செல்வி சொல்கிறாள். உங்கள் மகளுக்கு அப்போது பள்ளி வயது.

அதன் பிறகும் நீங்கள் கட்சியை விடவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டீர்கள், பாரம் நிரப்பினீர்கள், கூட்டக் குறிப்பு எழுதினீர்கள். ஆனால் சனிக்கிழமை எனக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டீர்கள். “கூட்டம் முடியட்டும், கொண்டாந்து தர்றேன்” என்றீர்கள். உங்கள் கிளைச் செய்தி மட்டும் எப்போதும் ஒரு நாள் தாமதமாக வந்தது. எவரும் காரணம் கேட்கவில்லை.

ஏன் விடவில்லை, அண்ணே? நான் கேட்டபோதெல்லாம், “நான் போயிட்டா பாரம் யாரு நிரப்புறது?” என்று பேச்சை மாற்றினீர்கள். அது மட்டும்தானா?

அத்தியாயம் எழுத உட்கார்ந்தபோது பல கிளைகளின் பழைய குறிப்புகளை வாசித்தேன். எல்லாவற்றிலும் ‘ஏகமனதாக’. பல்லாண்டுகள், ஒரு கை எதிராகத் தூக்கப்படவில்லை. பிறகு ஒரு தேர்தலில் நம் ஜனங்கள் மொத்தமாக மறுபக்கம் போனார்கள். தலைவர்களுக்கு அதிர்ச்சி. எங்கிருந்து வந்தது இந்தக் கோபம், நேற்றுவரை எல்லாரும் நம்மோடுதானே இருந்தார்கள் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கோபம் என்றும் இருந்தது. அதை எழுதிவைக்கக் குறிப்பில் இடம் இல்லை. எழுத இடம் கிடைத்த அன்று வாக்குச்சீட்டில் எழுதினார்கள். பிளவை மறைத்துக் கட்டிக்காத்த கட்சிக்கு, தன் ஆட்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதே தெரியாமல் போயிற்று. மறைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. சனிக்கிழமை தோறும் அந்த ‘ஏகமனதாக’வைத் தட்டச்சு செய்தவன் நான்.

இப்போது அந்த மாடியில் டியூஷன் வகுப்பு நடக்கிறது. கோப்பிக்கடையும் கைமாறிவிட்டது. படிக்கட்டு மட்டும் அதே படிக்கட்டு.

உங்கள் இறுதிச் சடங்கன்று லெட்சுமி அக்கா பெருநிலத்து ஜுருவிலிருந்து வந்திருந்தார். நீங்கள் பார்த்திருக்க முடியாதே என்பதற்காகச் சொல்கிறேன். வாசலோடு நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. பக்கத்தில் நின்றவரிடம், “நல்ல மனுசன்தான். ஆனா எங்க வீட்டை எழுதிக் குடுத்தவரு” என்றார். செல்வி காதில் அது விழுந்தது. அவள் என்னைத்தான் பார்த்தாள்.

“மாமா, அப்பா அப்படிச் செஞ்சாரா?”

அப்போதே சொல்லியிருக்கலாம். “பழைய கதைம்மா, விடு” என்றேன். உங்களிடமிருந்து வாங்கிய அதே ‘விடு’.

அவள் விடவில்லை. உங்கள் அலமாரியைத் துழாவிக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைக் கண்டெடுத்தாள். பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் போட்டு வைத்திருந்தீர்கள். அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, என் முன்னால் வைத்தாள்.

சனிக்கிழமை எழுதியதை அழிக்கவில்லை நீங்கள். படிக்க முடிகிற மாதிரி ஒரே ஒரு கோடு கிழித்திருந்தீர்கள். அதன் கீழே உங்கள் குண்டு எழுத்தில்: ‘தீர்மானத்தைச் செயலாளர் எதிர்த்தார். எதிர்ப்பு ஒன்று. பெரும்பான்மையில் நிறைவேறியது.’ தலைவர் கையெழுத்துக்கான இடம் காலி. அவர் போட மறுத்திருப்பார். நீங்களும் மாற்றி எழுத மறுத்திருப்பீர்கள். அதற்கும் கீழே இன்னொரு வரி: ‘மேற்படி மாற்றம் பிற்பகல் ஒன்று பத்துக்கு நிருபருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது. பக்கம் அச்சுக்குப் போய்விட்டதாக அவர் கூறினார்.’

‘கூறினார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சொன்னதை நீங்கள் நம்பினீர்கள். கடைசிவரை நம்பினீர்கள்.

பக்கம் போயிருக்கவில்லை, அண்ணே.

மூன்று மணிக்குத்தான் பக்கம் மூடும். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. நான் பெர்ரிப் படகில் திரும்பி வந்து அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன், தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கோலாலம்பூருக்கு ஓர் அழைப்பு போதும். ஆனால் கூப்பிட்டால் செய்தி ஆசிரியர் கேட்பார்: இன்று காலை நடந்த கூட்டத்தின் செய்தியை நேற்றே எப்படி அனுப்பினாய்? அந்தக் கேள்விக்குப் பயந்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன். நீங்கள் “சரிடா, பரவால்ல” என்று வைத்துவிட்டீர்கள்.

மறுநாள் நாசி கண்டார் கடையில் என் வேலையைப் பற்றிக் கவலைப்பட்டீர்களே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள்!

செல்வியிடம் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. “லெட்சுமி அத்தைகிட்ட வந்து சொல்லுங்க மாமா” என்றாள். மறுநாள் அவளே தன் கெரேத்தாவை ஓட்ட, பாலம் கடந்து ஜுருவுக்குப் போனோம். லெட்சுமி அக்கா இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். மகன் அங்கேயே கெரேத்தா பட்டறையில் வேலை செய்கிறான்.

“தங்கராசு மவளா? வா வா. இது யாரு?”

“நிருபர் மாமா, அத்தை.”

“ஓ, பேப்பர்காரரா. நீங்களும் நரைச்சுட்டீங்களே.”

புத்தகத்தைத் திறந்து வாசித்தேன். ‘செயலாளர் எதிர்த்தார்’ என்ற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை என்றார்.

“ஒத்தை ஆளாவா?”

“ஒத்தை ஆளாத்தான் அக்கா.”

“அன்னிக்கு நான் அந்தப் பேச்சுப் பேசுறேன், மனுசன் நின்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?”

“அப்பா சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா அத்தை?” என்று செல்வி கேட்டாள்.

அவர் நேர்மையான பெண். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மாட்டேன்” என்றார். “பேப்பர்லதான் போட்டிருந்துச்சே.”

பிறகு நான் என் பங்கைச் சொன்னேன். ஒன்று பத்து, மூன்று மணி, எல்லாம் சொன்னேன். திருத்தியிருந்தால் மட்டும் வீடுகள் தப்பியிருக்குமா என்று தெரியாது என்றும் சொல்லப்போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“வீடு நின்னிருக்காது. அது எனக்கே தெரியும். வர்ற லோரி வந்துதான் இருக்கும். ஆனா அவரு செத்த அன்னிக்கு நான் வாசல்ல நின்னிருக்க மாட்டேன்லா. உள்ள போயி கால் மாட்டுல உக்காந்திருப்பேன். அதை இப்ப எப்படித் தருவீங்க?”

உங்களை அன்று வாசலில் நிறுத்திக் கேட்ட அதே பெண், அண்ணே. இந்த முறை நான் நின்றேன்.

கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டேன். “என்கிட்டக் கேட்டு என்ன செய்ய? நான் என்ன பேப்பரா?” என்றார். “பேப்பர்ல போட்டீங்க. பேப்பர்லயே எடுங்க. மவன்கிட்டச் சொல்லி வாங்கிட்டு வரச் சொல்றேன்.”

பாலத்தில் திரும்பி வரும்போது செல்வி, “அப்பா உங்கள ஒரு நாளும் கொறை சொன்னதில்ல மாமா” என்றாள். சற்று நேரம் கழித்து, “அதான் எனக்குத் தாங்கல” என்றாள்.

வீட்டுக்கு வந்து பிரேமாவைக் கூப்பிட்டேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். “ஐயா, அந்த நறுக்கையே எடுத்துடலாம். கம்பம் விசயத்தையும் விட்டுடலாம். யாருக்கும் தெரியாது” என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நல்ல மனதோடு விட்டுவிட்டுத்தானே இத்தனை தூரம் வந்தோம்? கோடு கிழித்த அந்தப் பக்கத்தின் படத்தைப் போடுங்கள் என்றேன். உங்கள் எதிர்ப்பும் என் பிழையும் அத்தியாயத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அத்தியாயம் இல்லை என்றேன். அவர், “குழுவுல கேக்கிறேன் ஐயா. நானும் அதான் சரின்னு நினைக்கிறேன்” என்றார். குழு இன்னும் பதில் சொல்லவில்லை. ஏகமனதாக முடிவெடுக்கக் காத்திருக்கிறார்களோ என்னவோ.

பத்திரிகை காத்திருக்கத் தேவையில்லை. இப்போதைய ஆசிரியர் நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர். எல்லாவற்றையும் சொன்னேன். “எழுதுங்க, போடுறேன்” என்றார். எழுதுகிறேன்:

திருத்தம். சுங்கை பினாங் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில், ஆற்றோரக் கம்பத்து மக்களை இடம் மாற்றும் முடிவை ஆதரிக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்றும், செயலாளர் திரு. தங்கராசு அதை வழிமொழிந்தார் என்றும் இப்பத்திரிகையில் முன்னர் வெளிவந்த செய்தி தவறு. திரு. தங்கராசு தீர்மானத்தை எதிர்த்தார். அச்செய்தி கூட்டம் நடப்பதற்கு முதல் நாளே எழுதப்பட்டது. தவறு அன்று பகலிலேயே நிருபருக்குத் தெரிவிக்கப்பட்டது. திருத்துவதற்கு நேரம் இருந்தது. நிருபர் திருத்தவில்லை.

‘திரு.’ விடவில்லை, பார்த்தீர்களா?

இது வெளிவரும் ஞாயிறன்று இரண்டு பிரதிகள் வாங்குவேன். ஒன்றை எடுத்துக்கொண்டு ஜுருவுக்குப் போவேன். மகன் வாங்கி வந்திருந்தாலும் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன், அவர் கேட்டால் வாசித்தும் காட்டுவேன். இன்னொன்றிலிருந்து திருத்தத்தை மட்டும் வெட்டி எடுத்து, உங்கள் குறிப்புப் புத்தகத்தில் தலைவர் கையெழுத்துப் போடாமல் விட்ட இடத்தில் ஒட்டுவேன். அதன் கீழே என் கையெழுத்தைப் போட்டுச் செல்வியிடம் கொடுப்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. இந்த முறை, நடந்த பிறகுதான் நடந்தது என்று எழுதுவேன்.

கூட்டத்துக்கு வராமலே உங்களைப் பற்றி எழுதிய,
உங்கள் பேப்பர்காரத் தம்பி
கருணாகரன்